பரங்கிமலைப் படிகளில் பிள்ளைகளோடு

பழைய ஐரோப்பிய நகரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட விசா வேண்டியதில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பல்லாவரம், மீனம்பாக்கம் தாண்டிப் பரங்கிமலையில் இறங்கினால் போதும்.

மலைமேல் இருக்கும் மாதா கோயில் போர்த்துகீசியர் 1523-ல் எழுப்பியது. 1547-ல் அங்கே தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. இன்று பீடத்தில் இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள்: சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்து பாரசீகத்தின் பஹ்லவி. என் மகள் விரலால் காற்றிலேயே அதை எழுதிப் பார்த்தாள். போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்ததற்கு அதுவே சாட்சி.

ஏறிவரும் படிக்கட்டு, கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் பணத்தில் கட்டியது. 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் போட்டவரும் அவரே. யாத்திரிகர்கள் கால் நனையாமல் மலைக்கு வர வேண்டும் என்ற அக்கறை அது. அந்தப் பாலம் போய், இப்போது இருப்பது மறைமலை அடிகள் பாலம்.

பையனுக்குப் பிடித்தது ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டனின் கதைதான். 1802 ஏப்ரலில் மலையடிவாரச் சமவெளியில் நூறடி எஃகுச் சங்கிலியை வைத்து, பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் அளந்தார் அவர். அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்த நில அளவைதான் பின்னாளில் எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது. அவருடைய மார்பளவுச் சிலை மலைமேல் நிற்கிறது.

பாலம் கட்டிய செய்தியைச் சொல்லும் உஸ்கானின் கல்வெட்டு சைதாப்பேட்டைச் சாலையோரத்தில் நெடுங்காலம் தூசியில் நின்றது. அத்தகைய கல்வெட்டுக்கு ஒரு கூரையும் தமிழில் ஒரு பலகையும் என்றும் இருக்க வேண்டும்.