சுடுறதுக்கு இல்லாத பீரங்கி

கண்டி அரசனின் பீரங்கி என்றால் கோட்டை மதிலில் நிற்கும் கறுத்த இரும்புக் குழாய் ஒன்றைத்தான் நாம் நினைப்போம். 2023 டிசம்பரில் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பித் தந்தது அந்த மாதிரி இல்லை. சின்ன வெண்கலப் பீரங்கி. மேலே தங்கம், வெள்ளி, மாணிக்கக் கற்கள். சூரியன், சந்திரன், சிங்கம் என்ற கண்டி அரச சின்னங்கள். இதை யார் போருக்கு இழுத்துக்கொண்டு போவார்?

யாரும் போகவில்லை. லெவ்கே திசாவை, அதாவது ஒரு மாகாணத் தலைவர், 1745 அளவில் அரசனுக்குக் கொடுத்த பரிசு இது. அப்போது சிம்மாசனத்தில் இருந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். சகோதரியைக் கண்டி அரசன் கட்டியதால் தென்னிந்தியாவிலிருந்து வந்து, 1739இல் முடிசூடிய நாயக்கர். உள்ளூர்ப் பிரபு ஒருவர் வெளியூரில் பிறந்த அரசனுக்கு இவ்வளவு செலவழித்து ஒரு பரிசு கொடுக்கிறார் என்றால் அதற்குள் அரசியல் இல்லாமலா இருக்கும்?

கண்டி உண்மையில் சண்டை பிடித்தது வேறு ஆயுதங்களால். ‘கொடித்துவக்கு’ என்று ஒன்று இருந்தது. முன்னால் இரண்டு மரக்காலை ஊன்றிச் சுடும் சின்னப் பீரங்கி. வண்டிப்பாதை இல்லாத மலைக்கு அதுதான் சரி. கொடித்துவக்கு இன்றும் சிங்களக் குடும்பப் பெயர். நம் வகுப்பிலேயே ஒருத்தர் இருப்பார். அதிலிருக்கும் ‘துவக்கு’ நம்ம ஊர்த் தமிழிலும் அப்படியே இருக்கிறது. இதோடு மழை, காய்ச்சல், ஒற்றையடிப் பாதை. பெரிய பீரங்கிகளோடு வந்த ஐரோப்பியப் படைகளைத் திணறடித்தவை இவைதான். 1764இல் ஒல்லாந்தர் எடுத்த படையெடுப்பு தோற்றதும் இப்படித்தான்.

1765 தொடக்கத்தில் ஆளுநர் வான் எக் தானே படையோடு வந்தார். அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நகரை விட்டு விலகிவிட, மாளிகை சூறையாடப்பட்டது. பீரங்கி போனது அப்போதுதான். நகரைப் பிடித்தவர்களால் அங்கே நிலைக்க முடியவில்லை. நோயிலும் பசியிலும் வாடி, சில மாதங்களில் இறங்கிப் போனார்கள். வான் எக் அதற்கு முன்பே, ஏப்ரலில், கொழும்பில் இறந்துவிட்டார்.

ஆனால் கண்டிக்கு விழுந்த பெரிய அடி பீரங்கி இல்லை. 1766 ஒப்பந்தத்தில் தீவின் கரையோரம் முழுக்க ஒல்லாந்தர் கைக்குப் போனது. உப்பு அள்ளுவதற்கும் அவர்கள் தயவு வேண்டியிருந்தது. அந்தக் கடற்கரையை யாரும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை, அதனால் அது செய்தியாகவும் இல்லை.

பீரங்கி ஆம்ஸ்டர்டாம் றைக்ஸ் நூதனசாலையின் சேகரிப்பில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அது கொள்ளைப் பொருள்தான் என்பதை அண்மைய ஆய்வு உறுதிப்படுத்திய பிறகே நெதர்லாந்து அரசு கொடுக்கச் சம்மதித்தது. திரும்பி வந்தவை மொத்தம் ஆறு: பீரங்கி, இரண்டு வாள், ஒரு கத்தி, ‘மகா துவக்கு’ என்ற பெரிய துப்பாக்கி இரண்டு. ஒப்படைத்தது கண்டியில் இல்லை, கொழும்பு தேசிய நூதனசாலையில். அங்கே போகிறவர்கள் மாணிக்கக் கல்லை மட்டும் படம் பிடித்துவிட்டு வராமல், பக்கத்தில் அந்த இரண்டு துவக்கையும் கொஞ்சம் நின்று பாருங்கள்.