சிம்லா மாநாடும் வகுப்பறைப் பாவனைப் பயிற்சியும்

முன்னுரை

அரசியல் பேச்சுவார்த்தைகளை நூல்வழிக் கற்கும் மாணவர் அவற்றின் முடிவை முன்னரே அறிந்திருப்பர். இதனால், நடந்தது நடந்தே தீரவேண்டியது என்னும் எண்ணம் அவர்களிடம் வேரூன்றிவிடுகிறது. இக்குறையைப் பாவனைப் பயிற்சி எவ்வாறு போக்குகிறது, அதன் எல்லை யாது என்பவற்றை 1945-ஆம் ஆண்டின் சிம்லா மாநாட்டை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

பயிற்சியின் வளர்ச்சி

மாணவர் ஆளுக்கொரு பாத்திரமேற்று, அப்பாத்திரத்தின் நலனுக்காக வாதிட்டு உடன்பாடு தேடுவதே இப்பயிற்சியாகும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு குட்ஸ்கோ 1950-களின் பிற்பகுதியில் பன்னாட்டு உறவுகளை ஆராய இம்முறையைக் கையாண்டார். 1990-களில் நியூயார்க் பார்னார்டு கல்லூரியின் மார்க் கார்ன்ஸ் வரலாற்றுப் பாத்திரங்களை மாணவர் ஏற்கும் பாடமுறை ஒன்றை வகுத்தார். அவரும், இந்தியாவைப் பற்றி ஆய்ந்த வரலாற்றறிஞர் எயின்ஸ்லி எம்பிரியும் உருவாக்கிய பயிற்சி சிம்லா மாநாட்டையே களமாகக் கொண்டது.

சிம்லாவின் சிக்கல்

1945 ஜூன் 25 அன்று வைஸ்ராய் வேவல் இம்மாநாட்டைத் தொடங்கினார். வைஸ்ராயும் தலைமைப் படைத்தளபதியும் நீங்கலாக நிர்வாகக் குழுவினர் அனைவரும் இந்தியராக இருப்பர். அதில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் சம எண்ணிக்கையில் இடம்பெறுவர் என்பது அவரது திட்டம். முஸ்லிம் உறுப்பினர் அனைவரும் முஸ்லிம் லீக்கின் தெரிவாகவே இருக்க வேண்டுமென்றார் ஜின்னா. மௌலானா ஆசாத்தைத் தலைவராகக் கொண்டிருந்த காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. பஞ்சாப் முதல்வர் கிசிர் ஹயாத் கானோ லீக் சாராத பஞ்சாப் முஸ்லிம் ஒருவருக்கு இடம் கோரினார். தாழ்த்தப்பட்டோர் சார்பில் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ் கலந்துகொண்டார். ஜூலை 14 அன்று மாநாடு தோல்வியுற்றதென வேவல் அறிவித்தார்.

இப்பாத்திரங்களை ஏற்கும் மாணவர், இருக்கைகளைப் பற்றியதாகத் தோன்றும் வழக்கு, யார் யாருக்காகப் பேசலாம் என்பதைப் பற்றியதே என உணர்வர். ஜின்னா ஓர் இடத்தை விட்டுக்கொடுத்தால் லீக்கின் அடிப்படைக் கோரிக்கையே சரியும். ஆசாத் இணங்கினால் தம் கட்சியை இந்துக்களின் கட்சியாக ஒப்புக்கொண்டவராவார்.

பயிற்சியின் எல்லை

எனினும், வகுப்பறையில் உடன்பாடு எளிதில் கிட்டிவிடலாம். அப்போது, நம்மால் முடிந்தது தலைவர்களால் முடியாமற் போயிற்றே என மாணவர் எண்ணக்கூடும். இது புதியதொரு பிழையாகும். மாணவர் மதிப்பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தலைவர்களோ தம்மை அனுப்பிய மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். 1947-இல் நிகழ்ந்த பிரிவினையில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர் என்பதை மறந்து இப்பயிற்சியை முடித்தல் தகாது.

முடிவுரை

ஆகவே, பயிற்சிக்குப் பின் நிகழும் கலந்துரையாடலே இதன் உயிர்நாடி எனலாம். வகுப்பறை முடிவையும் வரலாற்று முடிவையும் அருகருகே வைத்து, வேறுபாட்டிற்கான காரணங்களை மாணவரே தேடுதல் வேண்டும். அதற்குப் போதிய நேரம் ஒதுக்காத பயிற்சி வெறும் நாடகமாகவே நின்றுவிடும் என்பது நம் துணிபு.