தண்டனை யாருக்கு? சென்னை சூப்பர் கிங்ஸ் வழக்கும் லீக்குகளின் சட்டமும்

சேரன்மகாதேவிக் குருகுலத் தகராறு எந்த நீதிமன்றத்தின் படியும் ஏறவில்லை. வ.வே.சு. ஐயர் நடத்திய அந்தப் பள்ளியில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி போட்ட செய்தி 1924–25இல் தமிழ்நாடு காங்கிரசையே இரண்டாக்கியது. குருகுலத்துக்கு 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாயைக் காங்கிரஸ் கொடுத்திருந்தது. பணம் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது எளிய வாதம். வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் தொடுத்த கேள்வி அதைவிட அகலமானது. தேசத்துக்குப் பிள்ளைகளை வளர்ப்பதாக ஊரறியச் சொல்லும் ஓர் இடத்தில் பந்தி எப்படி உள்வீட்டு விவகாரமாகும்?

தனியார் அமைப்பைப் பொதுக் கேள்விக்கு உள்ளாக்குவது அது வாங்கும் பணமா, செய்யும் வேலையா என்பதுதான் இதன் சட்டச் சாரம். 90 ஆண்டு கழித்து, 2015 ஜனவரி 22 அன்று, இதே வினாவுக்கு உச்ச நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் வழக்கில் விடை சொன்னது. வழக்கின் நடுவே நின்ற கம்பெனியும் சேரன்மகாதேவி இருக்கும் தாமிரபரணிக் கரைக்கு அந்நியமன்று. கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசுவாமியும் 1946இல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949இல் தாழையூத்தில் எழுந்தது. ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்குச் சங்கர் நகர் என்று பெயர். நாராயணசுவாமியின் மகன் என். சீனிவாசன்.

பணத்தை விட்டு வேலையைப் பார்த்ததில் நீதிமன்றம் சரியாகவே தீர்ப்பளித்தது என்பது என் கருத்து. ஆனால் எந்தப் பொதுநலத்தைக் காட்டி வழக்கை எடுத்துக்கொண்டதோ, தண்டனை என்று வந்தபோது அந்தப் பொதுநலத்துக்கு உரியவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் குறை துலங்கும்.

முதலில் விதி. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் 6.2.4ஆம் விதிப்படி, வாரியம் நடத்தும் ஆட்டங்களில் நிர்வாகி எவருக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக நலன் இருக்கக் கூடாது. 2008 ஜனவரி ஏலத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை எடுத்தபோது சீனிவாசன் வாரியத்தின் பொருளாளர். எட்டு மாதம் சென்று, செப்டம்பர் 27 அன்று, விதி திருத்தப்பட்டது: ஐபிஎல், சாம்பியன்ஸ் லீக் போன்ற போட்டிகளுக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆட்டத்திலேயே பெரும்பணம் புரளும் இடம் எதுவோ அதற்கு மட்டும் விலக்கு. சட்டத் திருத்தங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த 'போன்ற' என்ன வேலை செய்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ.சி. முத்தையா இதை எதிர்த்து வழக்காடினார். 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்பு எழுதினர். அதே ஆண்டு செப்டம்பரில் சீனிவாசன் வாரியத் தலைவரானார். பந்தய விவகாரம் வெடிக்காமல் இருந்திருந்தால் திருத்தம் இன்றும் புத்தகத்தில் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

2013 மே மாதம் அது வெடித்தது. ஐபிஎல் ஆட்டங்களில் பந்தயம் கட்டிய புகாரில் சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் மும்பைக் காவல்துறையால் கைதானார். அணியின் பெஞ்சில் உட்கார்ந்தவர், ஏலத்தில் அணியின் மேசையில் இருந்தவர். கைதானதும் அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலர்தான் என்று அணித் தரப்பு சொன்னது. வாரியம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைக் கொண்டு விசாரணைக் குழு அமைத்தது. குற்றமில்லை என்று அவர்கள் அறிக்கை தந்தார்கள். பீகார் கிரிக்கெட் சங்கத்தின் மனுவில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2013 ஜூலையில் அந்தக் குழு அமைக்கப்பட்ட விதமே செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் அமர்த்திய முட்கல் குழு, குருநாத் அணியின் அதிகாரிதான், பந்தயம் கட்டியதும் உண்மைதான் என்று கண்டது.

நீதிபதிகள் டி.எஸ். தாக்கூர், இப்ராகிம் கலிபுல்லா ஆகியோரின் 2015 தீர்ப்பு கைவைத்த இடம் பந்தயத்தைவிட ஆழமானது. வாரியம் அரசின் உறுப்பு அன்று என்று 2005இல் ஜீ டெலிபிலிம்ஸ் வழக்கில் மூவர் பெரும்பான்மை சொல்லியிருந்தது. அதைத் தொடாமல், வாரியம் செய்வது பொதுப்பணி, ஆகவே அரசமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். நாட்டின் பெயரில் அணி தேர்ந்தெடுப்பதும், ஆட்டத்தின் விதியை வகுப்பதும், வீரரின் பிழைப்பைத் தீர்மானிப்பதும் ஒரே சங்கத்தின் கையில் இருக்கும்போது அதை மனமகிழ் மன்றம் என்று விட்டுவிட முடியாது. 2008 திருத்தம் செல்லாது என்றானது. சீனிவாசன் எதையும் மூடி மறைத்ததாக நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அப்படியிருந்தும், அணியில் வணிக நலன் உள்ளவரை அவர் வாரியத் தேர்தலில் நிற்க முடியாது. தனிமனிதரின் நேர்மையிலிருந்து நலன்முரணைப் பிரித்து எடுத்ததுதான் இந்தத் தீர்ப்பின் நிலைத்த பங்களிப்பு. குற்றம் நடந்ததா என்று தேடிக்கொண்டே இருந்தால் விதி எப்போதும் தப்பித்துவிடும்.

அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுப்பணி என்ற பேச்சையே எடுப்பதில்லை. அவர்களுடைய கேள்வி சந்தை சம்பந்தமானது: லீக் என்பது ஒரே வியாபாரியா, ஒன்றோடொன்று போட்டியிட வேண்டிய பல வியாபாரிகளின் கூட்டா? பேஸ்பாலுக்கு 1922இல் கிடைத்த விலக்கு கால்பந்துக்குக் கிடையாது என்று 1957இல் ராடோவிச் வழக்கில் தீர்ந்தது. உடுப்பு, தொப்பி விற்பதற்கு 32 அணிகளும் சேர்ந்து ஒரே கம்பெனிக்கு ஏகபோகம் தந்ததை எதிர்த்த அமெரிக்கன் நீடில் வழக்கில், இந்த விற்பனையைப் பொறுத்தவரை அணிகள் தனித்தனி முடிவெடுக்கும் முதலாளிகளே என்று 2010இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். சந்தைச் சட்டத்துக்கும் எல்லை உண்டு. யுஎஸ்எஃப்எல் என்ற போட்டி லீக் 1986இல் வழக்கில் வென்றது. ஜூரி கொடுத்த இழப்பீடு 1 டாலர். சட்டப்படி மும்மடங்காகி 3 டாலர். வென்ற லீக் அதோடு இழுத்து மூடப்பட்டது.

இந்தக் கேள்வியை இந்தியாவில் யாருமே கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஐபிஎல்லுக்குப் போட்டியாக வேறு லீக் எதற்கும் அனுமதி தருவதில்லை என்று ஒளிபரப்பாளருக்கு வாரியம் எழுதிக்கொடுத்ததைப் போட்டி ஆணையம் பிடித்து 2013இல் 52.24 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் அது தள்ளுபடியாகி, 2017இல் அதே தொகை மறுபடி விதிக்கப்பட்டது. வாரியத்தின் வருமானத்துக்கு அது கொசுக்கடி. அணிகள் லீக்கோடு மோதும் சண்டைகளோ நடுவர் மன்றத்தின் அடைத்த கதவுக்குப் பின்னால் முடிகின்றன. ஹைதராபாத்தின் பழைய ஐபிஎல் அணியான டெக்கான் சார்ஜர்ஸுக்கு 2020இல் நடுவர் தீர்ப்பளித்த 4,800 கோடிக்கு மேற்பட்ட தொகையை மறு ஆண்டே பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கொச்சி டஸ்கர்ஸ் தரப்புக்குக் கிடைத்த 538 கோடி ரூபாய்த் தீர்ப்பை அதே நீதிமன்றம் 2025இல் உறுதிசெய்தது. ஹைதராபாத், கொச்சி ரசிகர்களுக்கு இந்த எண்கள் செய்தித்தாள் மூலமே தெரியவந்தன.

தண்டனைக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015 ஜூலை 14 அன்று இந்தியா சிமெண்ட்ஸையும் ராஜஸ்தான் அணியின் கம்பெனியையும் இரண்டாண்டு லீக்கிலிருந்து இடைநீக்கியது. குருநாத்துக்கும் ராஜஸ்தான் அணியின் பங்குதாரர் ராஜ் குந்த்ராவுக்கும் ஆயுள்தடை. வீரர்கள் பாதிக்கப்படுவார்களே என்ற வாதத்தைக் குழு கேட்டது. ஆட்டமே பெரிது, பண இழப்பு பெரிதல்ல என்று ஒதுக்கியது. ஆணையில் இருந்தது கம்பெனியின் பெயர்தான். ஆனால் 2016, 2017 ஆண்டுகளில் நடந்தது வேறு. சென்னைக்கு அணியே இல்லை. தோனி புனே அணிக்கு ஆடினார், ரெய்னா ராஜ்கோட்டை மையமாகக் கொண்ட குஜராத் அணிக்குத் தலைவரானார்.

ஒழுங்கு தவறிய அணியை ஒதுக்கி வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தானே, சலுகை காட்டினால் அடுத்த முதலாளிக்கு யார் பயப்படுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லீக்கின் விதிகளில் இருந்த தண்டனைகளைத் தாண்டிக் குழுவுக்கு அதிகாரம் இருந்ததா என்றும் கேட்கலாம். ஆனால் அதிகார வரம்பு எங்கிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. கிரிக்கெட் பொதுமக்களுக்கு உரியது, அதனாலேயே இது நீதிமன்றத்தின் விஷயம் என்று தொடங்கிய வழக்கில், அணி வெறும் முதலாளியின் சொத்தாக மட்டும் பார்க்கப்பட்டது. சொத்தைப் பூட்டினால் சொத்துக்காரனுக்கு வலிக்கும் என்ற கணக்கு. வலித்தது, அவரைவிடச் சேப்பாக்கத்தில் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றவனுக்கு அதிகமாக.

2023இல் வாஷிங்டன் கால்பந்து அணியின் உரிமையாளர் டான் ஸ்னைடர் மீதான விசாரணைகளுக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். லீக் அவருக்கு 6 கோடி டாலர் அபராதம் விதித்தது. அணி 605 கோடி டாலருக்குக் கைமாறியது. அணி வாஷிங்டனிலேயே இருந்தது, ஆள் போனார். 1999இல் 80 கோடிக்கு வாங்கியதை அந்த விலைக்கு விற்றவரைத் தண்டிக்கப்பட்டவர் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஊரும் உரிமையாளரும் பிரிக்கக்கூடியவர்கள் என்பதையாவது அது காட்டியது. செயின்ட் லூயிஸ் நகரம் இன்னும் ஒருபடி மேலே போனது. ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனதும் நகரமே வாதியாகி லீக்கை வழக்குக்கு இழுத்து, 2021இல் 79 கோடி டாலருக்குச் சமரசம் கண்டது. சென்னை மாநகராட்சி ஒரு கிரிக்கெட் அணிக்காக வழக்குத் தொடுப்பதை இங்கே யாரும் கற்பனைகூடச் செய்ததில்லை. இந்தியச் சட்டத்தில் பொதுநலம் என்பது மனுதாரர் வாயில் வரும் சொல்; அந்த நலனுக்கு உரியவர் தண்டனை நேரத்தில் கட்சிக்காரராக மாட்டார்.

உச்ச நீதிமன்றம் சீனிவாசனிடம் வாரியமா, அணியா என்று தெரிந்தெடுக்கச் சொன்னது. அவர் தரப்பில் அணி தங்கியது, வாரியப் பதவி போனது. நலன்முரணுக்கு அது போதும். பந்தயக் குற்றத்துக்கு, குழு அணியை நிறுத்தாமல் பங்கை விற்க ஆணையிடும்படி பரிந்துரைத்திருக்கலாம். அல்லது இரண்டாண்டு வருமானத்தைப் பறித்துக்கொண்டு, நடத்தும் பொறுப்பை ஓர் அறங்காவலரிடம் தந்திருக்கலாம். கோயில் சொத்தைத் தக்கார் வைத்து நடத்திப் பழகிய நாட்டுக்கு இது புதிய ஏற்பாடும் அன்று.

2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் விளையாட்டுத் தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்கிறது. ஆனால் தகவல் உரிமையை அரசுப் பணம் பெறும் அமைப்புகளுக்கு மட்டும் சுருக்கிவிட்டது. அரசிடம் காசு வாங்காத கிரிக்கெட் வாரியம் அதற்கு வெளியே நிற்கிறது. வேலையை வைத்து 2015இல் நீதிமன்றம் வகுத்த அளவுகோலை நாடாளுமன்றம் பணத்துக்குத் திருப்பிவிட்டது. தீர்ப்பாயத்தின் முன் ரசிகருக்கோ நகரத்துக்கோ நிற்க இடம் உண்டா என்பது அது கேட்கும் முதல் சில வழக்குகளில்தான் தெரியும்.

2018இல் அணி திரும்பி வந்து அந்த ஆண்டே கோப்பையை வென்றது. 2015 பிப்ரவரியிலேயே அது இந்தியா சிமெண்ட்ஸிலிருந்து தனிக் கம்பெனிக்கு மாற்றப்பட்டிருந்தது. சீனிவாசன் தரப்பின் பிடி தளரவில்லை. சென்னை இல்லாத 2016இல்தான் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. சங்கர் நகர் சிமெண்டு ஆலை மைதானத்திலும் ஆட்டங்கள் நடந்தன. நெல்லைக்காரர்கள் விளக்கொளியில் கிரிக்கெட் பார்த்தார்கள். அதை நடத்திய தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு அப்போது தலைவர் சீனிவாசன். 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் இந்தியா சிமெண்ட்ஸை வாங்கியது. தாழையூத்து ஆலை அதோடு போனது. அணி அந்த விற்பனையில் சேரவில்லை.