தூண்டிலும் பத்திரமும்: பலெர்மோக் கரையின் பழைய வழக்கும் புதிய விதியும்

ஞாயிறு ஓய்வில் போரோ இத்தாலிக்கோக் கற்கரையிலும் சாந்தெராஸ்மோத் துறையிலும் தூண்டில் போடும் எம்மவர் பலருக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. இந்நாட்டில் கரையில் நின்று மீன்பிடிப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்று அடித்துக் கூறுவோர் உளர். கடல் எல்லார்க்கும் பொது, எவரும் கேட்கமுடியாது என்று வாதிடுவோரும் உளர். இரு சாராரிடமும் பாதி உண்மை இருக்கின்றது. அந்தப் பாதிகள் எவ்வாறு உண்டாயின என்பதை அறிய இத்தீவின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

பலெர்மோ என்னும் பெயரே கிரேக்கர் இட்ட ‘பனோர்மோஸ்’ என்பதன் திரிபு. முழுவதும் துறைமுகம் என்பது அதன் பொருள். பினீசியர் நகரமைத்த காலத்தில் இரு ஆறுகளுக்கு நடுவே கடல் உள்நோக்கிப் புகுந்திருந்தது. அவ்வாறுகள் இன்று தெருக்களுக்குக் கீழே மறைந்துவிட்டன. படகுகள் கட்டிக்கிடக்கும் லா காலா என்னும் சிறு குடாவே அப்பழைய துறைமுகத்தின் எச்சம். எம்மவர் நின்று தூண்டில் போடும் போரோ இத்தாலிக்கோவின் கரையோ, 1943இல் நேசநாட்டு விமானங்கள் குண்டுவீசித் தகர்த்த வீடுகளின் இடிபாடுகளைக் கடலிற் கொட்டியதால் விரிந்த நிலமாகும். போரினால் வீடிழந்து வந்த நாம் இன்னொரு போரின் இடிபாட்டின்மேல் நிற்கின்றோம்.

கடல் எல்லார்க்கும் பொது என்ற வாதத்துக்கு மிகப் பழைய சான்று உரோமச் சட்டமாகும். பேரரசன் யஸ்தினியன் 533இல் வெளியிட்ட சட்டநூல், கடலையும் அதன் கரையையும் காற்றைப் போன்று இயற்கையாகவே யாவர்க்கும் பொதுவானவை என வகுத்தது. அத்தோடு நில்லாது, ஆறுகளிலும் துறைமுகங்களிலும் மீன்பிடிக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டென்றும் அது கூறிற்று. துறைமுகம் என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டாண்டு கழித்து அப்பேரரசனின் தளபதி பெலிசாரியஸ் பலெர்மோவைக் கைப்பற்றியதும் துறைமுகத்தின் வழியாகத்தான். நகரமதிலை விடக் கப்பற் பாய்மரங்கள் உயர்ந்திருப்பதைக் கண்டு, வில்லாளர் நிறைந்த சிறு படகுகளை மரத்தின் உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து அம்பெய்வித்தான் என அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கின்றார்.

ஆனால் விலைபோகும் மீனை மன்னர்கள் பொதுவில் விட்டுவைக்கவில்லை. அரபியருக்குப் பின் 1072இல் பலெர்மோவைப் பிடித்த நோர்மானியர் காலத்தில், சூரை இனத்தின் பெருமீன்களைப் பிடிக்கும் தலங்கள் அரசுக்குரிய சொத்தாயின. மன்னர் விரும்பிய பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் அவை மானியமாயின. ‘தொன்னாரா’ எனப்படும் அப்பொறியை எமது கடற்றொழிலாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். யாழ்ப்பாணக் கடனீரேரியிற் கட்டும் களங்கண்டியை ஆழ்கடலில் பன்மடங்கு பெருக்கிக் கற்பனை செய்தால் அதுவே தொன்னாரா. வழிமறிக்கும் நீண்ட வலை, ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், கடைசியில் மரண அறை. பலெர்மோவின் கிழக்கேயுள்ள திராபியாவில் இவ்வாறு வலைகட்டி மீன்பிடித்ததை இரண்டாம் ரொஜர் மன்னனின் அவையிலிருந்த அரபுப் புவியியலறிஞர் இத்ரீசி 1154இல் குறித்துள்ளார். தொன்னாரா இருந்த கடலில் பிறர் வலைவீச முடியாது. ஏழை மீனவனுக்கு எஞ்சியது கரையும் தூண்டிலுமே. அரெனெல்லாவில் நாற்கோபுரத்தோடு இன்றும் நிற்கும் கட்டடம், 1830இல் வின்செஞ்சோ புளோரியோ என்ற வணிகர் வாங்கிய தொன்னாராவுக்குரியது. பிரபுக்கள் போய் முதலாளி வந்ததற்கு அது சாட்சி.

இத்தாலி ஒரே நாடான பின் 1877இல் முதலாவது பொது மீன்பிடிச் சட்டம் வந்தது. எமது ஐயத்துக்கு நேரே தொடர்புடையது அதுவன்று. 1942இன் கப்பற்போக்குவரத்துச் சட்டக்கோவையாகும். அதன் 79ஆம் பிரிவு, துறைமுகங்களிலும் கப்பல்கள் தங்கும் அல்லது கடந்துசெல்லும் இடங்களிலும் மீன்பிடிப்பது துறைமுக அதிபரின் அனுமதிக்கு உட்பட்டது என விதித்தது. யஸ்தினியன் எல்லார்க்கும் பொதுவென்று சொன்ன அதே துறைமுகம்! போர்க்காலத்தில் எழுதப்பட்ட விதியாயினும் அதன் நியாயத்தை முற்றாக மறுத்தற்கில்லை. கப்பல் திரும்பும் இடத்தில் தூண்டில் நூலும் சிறுபடகும் ஆபத்தானவையே. எனினும் விளைவு என்னவெனில், திறந்த கரையில் எவரையும் கேளாது தூண்டில் போடும் ஒருவர், நூறு அடி நடந்து துறைமுக மோலோவின்மேல் ஏறியவுடன் தண்டத்துக்கு உள்ளாகலாம். எம்மவரிற் பலர் அகப்படுவது இவ்விடத்தில்தான். பக்கத்தில் நாலு இத்தாலியர் நிற்கிறார்களே என்ற துணிவு சட்டத்தின் முன் செல்லாது.

பொழுதுபோக்குக்காகப் பிடிப்போர்க்கான விரிவான விதிகள், 1965ஆம் ஆண்டின் கடல்மீன்பிடிச் சட்டத்தை நடைமுறைப்படுத்த 1968இல் எழுதப்பட்டன. அச்சட்டத்தின் இடத்தில் 2012இல் புதியது வந்தபோதும் இவ்விதிகளே அடிப்படையாக நின்றன. ஒருவர் ஐந்து தூண்டிற்கோல்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. ஒரு கோலில் மூன்று தூண்டிலுக்கு மேல் கட்டலாகாது. வீச்சுவலை அனுமதிக்கப்பட்டது, ஆயின் அதன் சுற்றளவு 16 மீற்றரைத் தாண்டலாகாது. ஊரில் இருந்து தருவித்த வலையை வீசுமுன் அளந்துபார்ப்பது நன்று. ஒருநாளில் ஒருவர் 5 கிலோ வரையே பிடிக்கலாம். அதனினும் நிறைகூடிய தனிமீன் ஒன்று அகப்பட்டால் அது குற்றமன்று. கலவாய் இனத்து ‘சேர்னியா’ நாளொன்றுக்கு ஒன்றுதான். கடல் முள்ளெலிக்கு 1995இல் தனி ஆணை பிறந்தது: ஆளுக்கு 50 மட்டும், மே, யூன் மாதங்களில் ஒன்றுங் கூடாது. பிடித்ததை விற்றல் முற்றாகத் தடை. அயல்வீட்டாருக்குக் கொடுக்கலாம், கடைக்கோ உணவகத்துக்கோ விற்கலாகாது. இவ்வெல்லையை நாம் சிறிதும் அலட்சியம் செய்தல் கூடாது. பதிவுபெற்றுக் கடலை நம்பி வாழும் தொழிலாளியின் வயிற்றைக் காக்கவே இவ்விதி உள்ளது. அதன் அருமையை மீன்விற்று வாழ்ந்த குடும்பங்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

அப்படியாயின் பத்திரம்? கடலில் கரையிலிருந்து தூண்டில் போடுவதற்குக் கட்டணம் செலுத்திப் பெறும் உரிமம் இத்தாலியில் இருக்கவில்லை. ஏரி, ஆறு ஆகிய நன்னீருக்குத்தான் உரிமம் கேட்கப்பட்டது. 2010 டிசெம்பரில் அமைச்சு ஓர் ஆணையிட்டு, கடலில் பொழுதுபோக்காகப் பிடிக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. இது இலவசம். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. ‘லிச்சென்சா’ என்று எம்மவர் பேசிக்கொள்வது பெரும்பாலும் இப்பதிவையே. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய ஒழுங்குவிதி, சிலவகை மீன்களைப் பிடிப்போரின் பதிவையும் பிடித்த அளவையும் மின்னியல் முறைக்குக் கொண்டுவரப் பணித்தது. ஆதலின் படிவமும் முறையும் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. துறைமுகக் காரியாலயமான கப்பித்தனேரியாவில் நேரிற் கேட்டறிவதே உத்தமம். பணம் பெற்றுக்கொண்டு ‘கடல் லைசென்ஸ்’ எடுத்துத் தருவதாகக் கூறுவோரிடம் ஏமாறவேண்டாம்.

பதிவு இலவசமாக இருந்தும் எம்மவர் ஏன் தயங்கினர்? இதற்கும் வரலாறு உண்டு. ஜெனீவா அகதிச் சாசனத்தில் இத்தாலி சேர்ந்தபோது, ஐரோப்பாவில் இருந்து வருவோரையே அகதியாக ஏற்பதாக ஒரு வரையறை விதித்திருந்தது. எண்பதுகளில் இங்கு வந்த தமிழருக்கு அக்கதவு மூடியே கிடந்தது. மார்த்தெல்லி சட்டம் எனப்படும் 1990ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமே அவ்வரையறையை நீக்கிற்று. அதுவரை சீருடை கண்டால் விலகி நடப்பது பலருக்குப் பழக்கமாயிற்று. வருபவர் மீனைப் பார்க்க வருகிறாரா, சொஜோர்னோவைப் பார்க்க வருகிறாரா என்று யார் கண்டது?

அதற்கும் முந்திய அச்சமொன்று ஊரில் இருந்தே எம்முடன் வந்தது. 1984 தொடக்கம் வடகடலில் கண்காணிப்பு வலயம், தடைவலயம் என அறிவிப்புகள் வந்தன. கடலுக்குப் போகப் ‘பாஸ்’ வேண்டியதாயிற்று, இரவுத்தொழில் நின்றது, இயந்திரமும் எரிபொருளும் மறுக்கப்பட்டன. 1986 யூன் 10ஆம் நாள் குருநகரில் இருந்து தொழிலுக்குச் சென்ற முப்பதுக்கு மேற்பட்டோர் மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்டனர். கடலில் ஒரு தாள் உயிரையும் சாவையும் பிரித்த அந்த நாட்களைக் கண்டவரிடம், இங்கே பெயர் எழுதிக்கொடு, ஒன்றும் ஆகாது என்றால் உடனே நம்பிவிடுவாரா? எனினும் இரண்டு தாள்களும் ஒன்றல்ல. அங்கே கேட்டது, கடலுக்குப் போகவிடாமல் தடுக்க. இங்கே கேட்பது எத்தனைபேர் பிடிக்கின்றனர் என்று எண்ண. எண்ணப்படுவோரின் சொல்லுக்கு நாளை ஒரு நிறை இருக்கும். தூண்டில்காரர் மோலோவுக்கு அனுமதி கேட்கும்போது அதுவே ஆதாரமாகும்.

மற்றொன்று, இடம் பற்றியது. மொந்தெல்லோவுக்கும் ஸ்பெரக்கவால்லோவுக்கும் இடையே நீளும் காப்போ கல்லோக் கடல் 2002 முதல் காப்பு வலயம். அதன் உள்வலயத்தில் தூண்டிலுங்கூட ஆகாது. ஏனைய வலயங்களுக்குத் தனி ஒழுங்கும் அனுமதியும் உண்டு. குளிக்கும் பருவத்தில் மணற்கரைகளிற் பகல்வேளையில் தூண்டில் போடுவதையும் கப்பித்தனேரியாவின் ஆணைகள் கட்டுப்படுத்துகின்றன. இவ்வாணைகள் இத்தாலிய மொழியில் மட்டும் வருகின்றன. மோலோவின் தலைப்பில் ‘திவியேத்தோ தி பெஸ்கா’ என்றொரு பலகை நின்றால் அங்கு மீன்பிடித்தல் தடை. அதன் கீழே சிற்றெழுத்தில் ஆணையின் இலக்கமும் ஆண்டும் இருக்கும். இங்கு பள்ளி சென்ற எம் பிள்ளைகள் அதை வாசித்துச் சொல்லக்கூடியவர்கள்.