குகையும் பூட்டும்: ‘தி உல்ஃப்மேன்’ (2010) படத்தில் பழியின் இடம்

ஜோ ஜான்ஸ்டன் இயக்கிய ‘தி உல்ஃப்மேன்’ (2010) பற்றிய ஆய்வுகளில் ஒரு வாசிப்பு ஏறத்தாழ எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிட்டது. ஜார்ஜ் வாக்னரின் 1941ஆம் ஆண்டுப் படத்தில் ரோமானி நாடோடி ஒருவனின் கடியால் தொற்றிய சாபம், மறுஆக்கத்தில் இந்துகுஷ் மலைக்குகை ஒன்றிலிருந்து வருகிறது. ஆகவே பேரரசு செய்த பாவம் ஆங்கிலப் பிரபுவின் மாளிகைக்கே திரும்பி வருவதைப் படம் காட்டுகிறது என்பது அவ்வாசிப்பு. கதை 1891இல் நிகழ்வதும், ஆர்ட் மாலிக் நடித்த சிங் என்ற சீக்கியப் பணியாளர் அம்மாளிகையில் இருப்பதும் இதற்குத் துணைநிற்கின்றன. ஆயினும் இவ்வாசிப்பின் முழுச்சுமையும் ஒரே ஒரு பேச்சின் மேல் நிற்கிறது. அந்தப் பேச்சையும் ஆய்வாளர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதே என் மனக்குறை.

அப்பேச்சு நிகழுமிடம் லண்டன் மனநோய்க் காப்பகத்தின் அறை. பேசுபவர் சர் ஜான் டால்பட் (ஆன்டனி ஹாப்கின்ஸ்); கேட்பவன் அடைபட்டுக் கிடக்கும் மகன் லாரன்ஸ் (பெனிசியோ டெல் டோரோ). மலைக்குகையில் காட்டுத்தனமான சிறுவன் ஒருவன் தன்னைக் கடித்தான் என்கிறார் தந்தை. மேற்கோள்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகின்றன. பேச்சோ தொடர்கிறது: முழுநிலவு இரவுகளில் சிங் தன்னை அடைத்துப் பூட்டிவந்தார், இன்னொரு மகன் பென், க்வெனை மணந்து அழைத்துச் செல்லவிருந்த நிலையில், ஓரிரவு தான் குடித்திருந்தபோது, பூட்ட வந்த சிங்கை அடித்து வீழ்த்தினார், பென் இறந்தான். பிறகு அந்த விலங்கை அடைத்துவைப்பதையே சர் ஜான் கைவிட்டார். குகை அவருடைய உடலுக்கு நேர்ந்ததை விளக்குகிறது. பென்னின் சாவுக்குக் காரணம் கதவு திறந்தே கிடந்தது. அதைத் திறந்துவைத்தது ஆசியா அன்று.

குகைக் கதையின் வேரையும் பார்க்க வேண்டும். அது 1941ஆம் ஆண்டுப் படத்தில் இல்லை. அப்படத்தில் லாரன்ஸைக் கடிக்கும் ரோமானி நாடோடியான பேலாவைக் கடித்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. கர்ட் சியோட்மாக்கின் திரைக்கதைக்கு அக்கேள்வி தேவைப்படவும் இல்லை. ஆசியப் பயணத்தில் கடிபடும் ஆங்கிலேயன், யுனிவர்சலின் முந்தைய படமான ‘வேர்உல்ஃப் ஆஃப் லண்டன்’ (1935) படத்துக்கு உரியவன். அதில் தாவரவியலாளர் கிளெண்டன் நிலவொளியில் பூக்கும் அரிய செடியைத் தேடித் திபெத்துக்குப் போய்க் கடிபட்டுத் திரும்புகிறார். எனவே 2010இன் குகையைப் புதிய நூற்றாண்டின் காலனிய விழிப்பு என்பதைவிட, அதே நிறுவனத்தின் பழைய சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது என்பதே பொருத்தம்.

மறுஆக்கத்தில் புதிதாக நேர்ந்தது வேறு. 1941இல் சர் ஜான் (கிளாட் ரெய்ன்ஸ்) தம் மகனை நாற்காலியில் வாரிட்டுக் கட்டிக் கதவையும் சன்னலையும் பூட்டுகிறார். ஓநாய் உன் மனத்தில்தான் இருக்கிறது என்று அவனுக்கு மெய்ப்பிக்கவே அப்படிச் செய்கிறார். வெள்ளிப்பிடிக் கைத்தடியை எடுத்துப்போகும்படி மகன் மன்றாடுகிறான். அவரும் எடுத்துச் செல்கிறார். அதே தடியால், யாரென்று அறியாமல், அவனை அடித்துக் கொல்கிறார். 2010இல் அந்த நாற்காலி தந்தையின் கையைவிட்டு மருத்துவரின் கைக்குப் போயிருக்கிறது. காப்பக மருத்துவர் லாரன்ஸை நாற்காலியில் பிணைத்து, மருத்துவர்கள் நிறைந்த அவையில், முழுநிலவு இரவில் நிறுத்தி, இது வெறும் பிரமை என்று விளக்குகிறார். அடுத்த சில நிமிடங்களில் அவர் உயிரோடு இல்லை. நம்பாமல் கட்டும் கை மருத்துவருடையது. நம்பிப் பூட்டும் கை சிங்குடையது. பழைய தந்தை ஒருவர் செய்ததை மறுஆக்கம் இவ்விருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டது. புதிய தந்தைக்கு மிஞ்சியது அறிந்தே கதவைத் திறந்துவிடும் வேலை. நான் கண்டவரை இந்த இடமாற்றத்துக்கு உரிய கவனம் கிட்டவில்லை.

குகை திரையிலும் காட்டப்படுகிறதே, அதை எப்படிப் பொய் என்பது என்று கேட்கலாம். பொய் என்று நான் சொல்லவில்லை, போதாது என்கிறேன். இது தந்தை-மகன் பகை பற்றிய ஃபிராய்டியக் கதை மட்டுமே என்போரும் உண்டு. பூட்டைப் பற்றி அவர்களிடம் ஒரு சொல்கூட இல்லாததால் அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. குகை போதாது என்பதற்குச் சற்றே கனமான சான்று படத்தின் நீண்ட பதிப்பில் இருக்கிறது. திரையரங்கப் பதிப்பில் நீக்கப்பட்ட ரயில் காட்சியில், மேக்ஸ் வான் சிடோ நடித்த முதியவர் வெள்ளி ஓநாய்த்தலைக் கைத்தடியை லாரன்ஸுக்குத் தருகிறார்; அது கெவோடானில் கிடைத்தது என்கிறார். 1764 முதல் 1767 வரை ஓநாய் போன்ற ஏதோ ஒன்று மக்களைக் கொன்றுதிரிந்த பிரெஞ்சு நிலப்பகுதி அது. ஓநாய்க்கு ஐரோப்பிய வம்சாவளியும் உண்டு என்பதைப் படக்குழு அறிந்தே இருந்தது. வெட்டு மேசையில் அது உதிர்ந்தது. ஆசியத் தோற்றத்தை மட்டும் வைத்துக் கோட்பாடு கட்டுவோர் எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதுகிறோம் என்றாவது குறிப்பிட்டிருக்கலாம்.

சிங்கை விசுவாச ஊழியர் என்ற தேய்ந்த வார்ப்புக்குள் அடக்குவதும் எளிது. வார்ப்பு அதுதான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் டால்பட் மாளிகையில் வெள்ளித் தோட்டாக்களை வைத்திருப்பவர் அவரே. இத்தனை ஆண்டுகளாக ஊர் பிழைத்திருந்தது அவர் போட்ட பூட்டால். அவரைக் கொன்ற பிறகே சர் ஜான் மகனோடு இறுதி மோதலுக்கு வருகிறார். இறுதியில் கடிபடும் காவல் ஆய்வாளர் அப்பர்லைனுக்கு வரவிருக்கும் முழுநிலவில் பூட்டுப்போட அந்த வீட்டில் எவரும் மிஞ்சவில்லை.