புரதம் என்னும் ஒருமை: கறிக்கோழித் தீவனத்தின் வரலாற்றிலிருந்து

கறிக்கோழித் தீவன மூட்டையின் விவரச்சீட்டில் 'கச்சாப் புரதம்' என்ற சொல் இடம்பெறும். அது ஒரு பொருளின் பெயர் அன்று. ஒரு கணக்கின் பெயர். 1860களில் ஜெர்மனியின் வேண்டே ஆய்வு நிலையத்தில் ஹென்னபெர்கும் ஸ்டோமனும் வகுத்த தீவனப் பகுப்பாய்வு முறையோடு இணைந்து வளர்ந்தது அக்கணக்கு. புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. எனவே நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் புரத அளவு கிடைத்துவிடும். 1883இல் கெல்டால் நைட்ரஜனை அளக்கும் எளிய முறையை அளித்தபின் இது உலகெங்கும் வேரூன்றியது. இயல்பில் பன்மையான ஒன்று இவ்வாறு ஒருமைப் பெயருக்குள் அடங்கிற்று.

அந்த ஒருமையை முதலில் உடைத்தவை மக்காச்சோளப் புரதமான சீனைக் கொண்டு நடந்த சோதனைகள். 1914இல் ஆஸ்பர்னும் மெண்டலும் சீனை மட்டுமே புரதமாகப் பெற்ற எலிகள் எடை இழப்பதைக் காட்டினர். டிரிப்டோஃபேன் சேர்த்தபோது எடை நிலைத்தது. லைசினும் சேர்ந்த பின்னரே வளர்ச்சி தொடங்கியது. 1916இல் அவர்கள் இதே கேள்வியைக் கோழிக் குஞ்சுகளிடமும் எழுப்பினர். நைட்ரஜன் கணக்கில் குறையில்லாத உணவும் வளர்ச்சிக்குப் போதாததாக இருக்கலாம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

அடுத்த திருப்பம் எரிசக்தியின் வழியே வந்தது. 1954இல் ஹில்லும் டான்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வின்படி, தீவனத்தில் எரிசக்தி குறைந்தால் குஞ்சு கூடுதலாக உண்டு ஈடுகட்ட முயல்கிறது. இதன் மறுபக்கம் முக்கியமானது: எரிசக்தி மிகுந்த தீவனத்தைக் கோழி குறைவாக உண்ணும், அப்போது அதன் உடலில் சேரும் அமினோ அமிலங்களும் குறையும். ஆகவே கலோரியை உயர்த்தினால் அமினோ அமிலங்களின் அடர்த்தியையும் உயர்த்த வேண்டும். இன்றைய கறிக்கோழி, எரிசக்திக்கேற்ப உண்ணும் அளவை அத்தனை துல்லியமாக மாற்றிக்கொள்வதில்லை; எனினும் இரண்டையும் விகிதமாகவே பார்க்கும் முறை நிலைத்துவிட்டது.

அதே காலத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்காட் முதலியோர் 'இலட்சியப் புரதம்' என்னும் கருத்தை வளர்த்தனர். லைசினை 100 என்று கொண்டு, பிற அமினோ அமிலங்களை அதற்குரிய விகிதத்தில் குறிப்பது பின்னர் வழக்கமாயிற்று. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்குக் கலவையில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின், அடுத்து லைசின், பின்னர் திரியோனின். வேதித் தொகுப்பில் மெத்தியோனினும், நுண்ணுயிர் நொதித்தலில் லைசினும் மலிவாகக் கிடைத்தபின் இக்கருத்து தீவன ஆலைக்குள் நுழைந்தது.

பிராய்லர் கோழியின் விரைவான வளர்ச்சிக்கு ஹார்மோன் ஊசியே காரணம் என்ற வதந்தி இன்றும் நம்மிடையே வலுவாக உள்ளது. 2003இல் ஹேவன்ஸ்டைன் குழுவினர் வெளியிட்ட ஒப்பீடு அதற்குரிய விடை. 1957ஆம் ஆண்டுத் தீவனத்தை உண்ட பழைய மரபுவழிக் கோழி 42 நாளில் 539 கிராம் எடையை எட்டியது. 2001ஆம் ஆண்டுத் தீவனத்தை உண்ட 2001ஆம் ஆண்டுக் கோழி 2,672 கிராம். இம்மாற்றத்தில் 85 முதல் 90 விழுக்காடு மரபுத் தேர்வால் வந்தது என்றும், எஞ்சியது தீவனத்தால் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். தீவன அறிவியலின் பங்கு எண்ணிக்கையில் சிறிதே. ஆனால் மரபு தந்த திறன் முழுமையாக வெளிப்பட அது இன்றியமையாதது.

இந்தியாவுக்கு இது பழங்கதை அன்று. 2021இல் சோயாப் புண்ணாக்கின் விலை ஏறியபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. தேவைக்கு மிஞ்சிய அமினோ அமிலங்கள் சிதைந்து யூரிக் அமிலமாக வெளியேறுகின்றன. கொட்டகைக் கூளத்தில் அதுவே அம்மோனியாவாகிறது. தேவையான அமினோ அமிலங்களைத் தனித்தனியே சேர்த்தால் சோயாவையும் குறைக்கலாம், அம்மோனியாவையும் குறைக்கலாம். ஆகவே 'புரதம் குறைக்கப்பட்டது' என்று மட்டும் ஓர் ஆய்வேடு எழுதினால் அது எதையும் சொல்லிவிடவில்லை. எந்த அமினோ அமிலம், எந்த எரிசக்தி மட்டத்தில் என்பதையும் கேட்டே நாம் அதைப் படிக்க வேண்டும்.