உ.வே.சா.வோட அப்பா

'என் சரித்திரம்' படிச்சவங்க எல்லாரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பத்தித்தான் பேசுவாங்க. நியாயம்தான். ஆனா ரெண்டாவது தடவை படிச்சப்ப என் கவனம் முழுக்க உ.வே.சா.வோட அப்பா வேங்கடசுப்பையர் மேலதான் இருந்தது. (ஸ்கூல் போற பையனுக்கு அப்பாவா ஆன பிறகு படிச்சது காரணமா இருக்கலாம் :-))

மனுஷர் சங்கீத வித்துவான், கனம் கிருஷ்ணையரோட சீடர். மாசச் சம்பளம்னு ஒண்ணும் கிடையாது. ஊர் ஊராப் போய் ராமாயணம் சொல்லி, ஊர்க்காரங்க கொடுக்கறதை வச்சுக் குடும்பம் நடத்தினவர். 1855-ல் பிறந்த மகனுக்கும் சங்கீதம் வரணும்னு அவருக்கு ஆசை. மகனுக்கோ, அரியலூரில் சடகோபையங்கார் கிட்டப் படிச்சதிலிருந்து தமிழ்ப் பித்து. இங்கிலீஷ் படிச்சா உத்தியோகமாவது கிடைக்கும், தமிழ் படிச்சு என்ன பண்றதுன்னு சுத்தி இருந்தவங்க கேட்ட காலம் அது.

அவர் பையனை அதட்டி வேற பக்கம் திருப்பியிருக்கலாம். செய்யலை. அவருக்கு இலக்கணம் சொல்லித் தரத் தெரியாது. சொல்லித் தர்றவங்களைத் தேடத் தெரிஞ்சது. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார்... வாத்தியார் இருக்கிற ஊருக்குக் குடித்தனமே நகர்ந்தது. நல்ல ஸ்கூலுக்காக வீடு மாத்துற நம்ம ஆளுங்களை இனிமே கிண்டல் பண்றதா இல்லை. என்ன, இவருக்கு ஒவ்வொரு ஊர்லயும் புதுசா ஆதரவு தேடணும், அவ்வளவுதான் வித்தியாசம்!

1871-ல் மாயவரத்துக்கு அவரே கூட்டிட்டுப் போய்ப் பிள்ளை கிட்டச் சேர்த்தார். படிப்புக்குப் பணம் வேண்டாம், சாப்பாட்டுக்கு மட்டும் தனியா ஏற்பாடு பண்ணிக்கணும். கையில் காசில்லாதவருக்கு அதுவே பெரிய சுமை.

சங்கீத ஆசையும் விடலை. அதே ஊர்ல இருந்த, நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் கிட்டப் பாட்டு கத்துக்க ஏற்பாடு பண்ணினார். பிள்ளைக்கு அதில் விருப்பமில்லைன்னு தெரிஞ்சதும் மகன் பாட்டை நிறுத்திட்டார். எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். தன் வித்தை பையனோட தொடராதுன்னு ஆன பிறகும் அப்பா தமிழ்ப் படிப்புக்குக் குறுக்கே நிக்கலை.

உ.வே.சா.வுக்குக் கும்பகோணம் காலேஜ்ல 50 ரூபா சம்பளத்தில் வேலை கிடைச்சது 1880-ல். அதாவது மாயவரத்துக்குப் போய் ஒன்பது வருஷம் கழிச்சு. அது வரைக்கும் இந்தப் படிப்பு சோறு போடும்னு அந்த அப்பாவுக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கலை.